பதினேழாம் எண் ஜாடி

பிப்ரவரி 3

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நானும் அம்மாவும் உயிரோடும் தினசரிச் சண்டையோடும் இருக்கிறோம். உன் காது மடல் குளிரில் வெடித்துவிட்டது என்று எழுதியிருந்தாயே, ஆறிவிட்டதா? அம்மா அதைக் கேட்டதிலிருந்து தெருவில் போகிறவர்களை நிறுத்தி, "என் சின்னவன ஐஸ் பெட்டிக்குள்ள வச்சுப் பூட்டிட்டாங்க" என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள். இறைச்சிப் பெட்டி அடுக்குகிற குளிர்க் கிடங்கு என்று எத்தனை முறை விளக்கினாலும் அவளுக்கு அது ஐஸ் பெட்டிதான்.

ஒரு விஷயம். பயப்படாதே. அம்மாவுக்கு இடது கழுத்தடியில், காறை எலும்புக்கு மேலே, நெறி கட்டியிருக்கிறது. கொண்டைக்கடலை அளவு. இரண்டு மாதமாக இருக்கிறதாம். கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு மறைத்திருக்கிறாள். பன்னிரண்டு வருஷமாக ஆஸ்பத்திரி லேபில் ஊரார் நெறிக்கட்டிகளைக் கண்ணாடித் தகட்டில் தேய்த்துக்கொண்டிருக்கிற எனக்கு, என் வீட்டில் ஒன்று வளர்ந்தது தெரியவில்லை. "சொன்னா ஊசியோட வந்து நிப்பே, அதான் சொல்லல" என்கிறாள்.

நெறி கட்டுவதற்குக் காரணம் ஏராளம். சொத்தைப் பல், தொண்டைப் புண், தலையில் சிரங்கு, டிபி, வேறு எங்கோ ஒளிந்திருக்கிற புற்றுநோய். வெளியிலிருந்து தடவிப் பார்த்தால் எல்லாம் ஒன்று போலத்தான் இருக்கும். மெல்லிய ஊசியை விட்டு ஒரு துளி உறிஞ்சிப் பார்த்தால்தான் தெரியும். ஊசி போடுகிற டாக்டர் லீவில், இருபதாம் தேதிக்கு மேல் அழைத்துப் போகிறேன். எங்கள் லேபில் ஒரு நாளைக்கு நாற்பது டோக்கன். விடியும் முன்பே வரிசையில் நிற்க வேண்டும். அதை நினைத்தால்தான் கஷ்டமாக இருக்கிறது.

காதுக்கு எண்ணெய் தடவு.

உன் அக்கா

பிப்ரவரி 12

அக்கா,

காது இருக்கிறது. மூக்குதான் இருக்கிறதா என்று அவ்வப்போது தொட்டுப் பார்த்துக்கொள்கிறேன். மைனஸ் பதினெட்டு. எங்கள் மேற்பார்வையாளனுக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் 'கடிகாரம்'. மூத்திரம் போனால் எத்தனை நிமிஷம் என்று எழுதி வைக்கிறான். மேனேஜர் அறை போனில் ஆளுக்கு மூன்று நிமிஷம், பின்னால் பன்னிரண்டு பேர் நின்று கேட்டுக்கொண்டிருப்பார்கள். அதனால் வழக்கம்போல் கடிதமே.

உன் கடிதத்தைப் படித்து எரிச்சலாக வந்தது. அம்மாவை வரிசையில் நிறுத்தப் போகிறாயா? அறுபத்து மூன்று வயதில், அந்தச் சிமெண்ட் தாழ்வாரத்தில், இருட்டில்? அந்த ஆஸ்பத்திரிக்கு உன் முதுகெலும்பைக் கொடுத்திருக்கிறாய். உன் பெரிய டாக்டரின் மச்சான் வந்தால் டோக்கன் வாங்கிக்கொண்டா நிற்கிறான்? வரிசை என்பது நம்மைப் போன்றவர்கள் நிற்பதற்காக அவர்கள் போட்ட கோடு. நம் குடும்பத்துக்கு இந்த உலகத்தில் இருக்கிற ஒரே செல்வாக்கு, நீ அந்தக் கதவுக்கு உள்ளே இருக்கிறாய் என்பதுதான். அதையாவது ஒரு தடவை பயன்படுத்து. நேராக உள்ளே கூட்டிக்கொண்டு போ. எவனாவது கேட்டால் என் பெயரைச் சொல்லித் திட்டு.

என்ன வந்தாலும் மறைக்காமல் எழுது. அம்மாவிடம், ஐஸ் பெட்டியில் நன்றாகத் தூங்குகிறேன் என்று சொல்.

தம்பி

பிப்ரவரி 27

அன்புள்ள தம்பிக்கு,

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நிம்மதியாகப் படி: அம்மாவுக்கு டிபிதான். நெறியில் மட்டும். ஆறு மாதம் மாத்திரை, அதோடு சரி. 'டிபிதான்' என்று சந்தோஷமாக எழுதுகிற நிலைமையைப் பார்.

நீ சொன்னபடியே செய்தேன். டோக்கன் எடுக்கவில்லை. அம்மா தாழ்வாரப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் பதினேழாம் டோக்கன், ஹோட்டல் சலவைக் கூடத்தில் துணி தேய்க்கிற பெண். முப்பது வயதுகூட இருக்காது, அவளுக்கும் கழுத்தில்தான். கூடவே ஆறு வயதில் ஒரு பெண் பிள்ளை. அந்தப் பிள்ளையை அவள் 'வாலு' என்றுதான் கூப்பிட்டாள், வால் மட்டும்தான் இல்லை. அம்மாவின் துண்டை உருவிக்கொண்டு ஓடி, "பாட்டிக்குக் கழுத்துல கோலி குண்டு!" என்று கத்தியது. அம்மா சிரித்த சிரிப்பு உள்ளே எனக்குக் கேட்டது.

பதினேழு வெளியே வந்ததும் அம்மாவை உள்ளே இழுத்தேன். பதினெட்டாம் டோக்கன்காரர் எழுந்து, "இதென்ன உங்க வீட்டுக் கல்யாணமா, சொந்தக்காரங்களா உள்ள போறீங்க?" என்றார். காது கேட்காதவள் மாதிரி கதவைச் சாத்தினேன். ஊசி டாக்டர் கெட்டிக்காரப் பெண். நெறியை இரண்டு விரலில் பிடித்து, ஊசியை முன்னும் பின்னும் நாலு தடவை, முடிந்தது. "இவ்வளவுதானா? எறும்பு இதைவிட நல்லாக் கடிக்கும்" என்றாள் அம்மா.

தகட்டில் எண் கீறுகிற வைரமுனைப் பென்சில் முறிந்து ஒரு வருஷம் ஆகிறது. மூன்று தடவை எழுதிக் கேட்டும் வரவில்லை. பேனாவால் எழுதினால், தகடு ஊறுகிற ஸ்பிரிட்டில் கரைந்துவிடும். அதனால் ஆளுக்கு ஒரு ஸ்பிரிட் ஜாடி, ஜாடியின் மேல் எண் ஒட்டியிருக்கும். அம்மாவுக்கு எண் இல்லாததால் தனி ஜாடி இல்லை. கையில் இருந்த ஜாடியிலேயே ஓரமாக வைத்துச் சமாளித்தேன். ஊசியில் வெள்ளையாகக் கலங்கலாக வந்தது. அப்போதே எனக்கு மனசு லேசாகிவிட்டது. அப்படி வந்தால் பெரும்பாலும் டிபி.

மாத்திரை தொடங்கியாயிற்று. அம்மா தினமும் என்னைத் திட்டிக்கொண்டே விழுங்குகிறாள்.

உன் அக்கா

மார்ச் 9

அக்கா,

உன் கடிதத்தை மேல் அடுக்குக் கட்டிலில் படுக்கிறவனுக்கும் படித்துக் காட்டினேன். "டிபிக்கு இவ்வளவு ஆட்டம் போடுற குடும்பத்த இப்பத்தான் பாக்குறேன்" என்றான். அவனுக்கு என்ன தெரியும். பத்து நாள் நான் தூங்கவில்லை.

பார்த்தாயா? நேராக உள்ளே போனாய், வேலை முடிந்தது. இதைத்தான் வருஷக்கணக்காகச் சொல்கிறேன். நல்ல பிள்ளையாக இருந்து என்ன கண்டோம்? அந்தப் பதினெட்டு கத்தினானே, அவனுக்கும் உள்ளே ஒரு அக்கா இருந்திருந்தால் அவனும் டோக்கன் எடுத்திருக்க மாட்டான்.

அம்மாவுக்கு ஒரு கம்பளித் தொப்பி அனுப்பியிருக்கிறேன். இங்கே எங்களுக்குக் கொடுப்பதுதான். காணாமல் போய்விட்டது என்று கடிகாரத்திடம் சொல்லிவிட்டேன். கட்டி கரைந்ததும் எழுது.

தம்பி

ஏப்ரல் 4

அன்புள்ள தம்பிக்கு,

தொப்பி வந்தது. அம்மா அதைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்று, "திருடன் மாதிரி இருக்கேன்" என்றாள். இருவரும் நலம். நீயும் நலமாக இரு.

கட்டி இன்னும் கரையவில்லை. மாத்திரை ஆரம்பித்ததும் சிலருக்குக் கொஞ்சம் பெரிதாகித்தான் அடங்கும். பசி குறைவு, அது மாத்திரையின் சூடு. லேபில் வேலை அதிகம். அதனால் சுருக்கமாக முடிக்கிறேன்.

உன் அக்கா

ஏப்ரல் 17

அக்கா,

சுகமா என்று கேட்கிற மரியாதையையெல்லாம் கடைசியில் வைத்துக்கொள்ளலாம்.

நேற்று என் மூன்று நிமிஷத்தில் நம் தெருமுனைக் கடைக்குப் போன் செய்து அம்மாவை வரச் சொன்னேன். வருவதற்கே ஒன்றரை நிமிஷம் போயிற்று. குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிறது. "சாப்பிட்டியா?" என்றேன். "நாலு வாய் தின்னா வயிறு ரொம்பிடுதுடா" என்றாள். சும்மா பேச்சு வளர்க்க, ஊசி வலித்ததா என்று கேட்டேன். "வலி இல்ல, ரத்தத்தப் பாத்துத்தான் கொஞ்சம் பயந்தேன். ஊசிக்குள்ள செக்கச்செவேர்னு ஏறுச்சு, நானே பாத்தேன்" என்றாள்.

வெள்ளையாகக் கலங்கலாக வந்தது என்று நீ எழுதியிருந்தாய். அந்தக் கடிதத்தை எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். அம்மா தப்பாகப் பார்த்தாளா, நீ தப்பாக எழுதினாயா?

இன்னொரு தடவை ஊசி போட்டுப் பார். உன் அறை, உன் டாக்டர், பத்து நிமிஷ வேலை. நீ நலம்தானே?

தம்பி

மே 8

அக்கா,

மூன்று வாரமாயிற்று. உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. கடைக்குப் போன் செய்தால், "உங்க அக்கா வேலைக்குப் போயிட்டாங்க, அம்மா தூங்குறாங்க" என்கிறான். அம்மா பகலில் தூங்குகிற ஆளா? நம் அப்பா செத்த அன்றைக்கே மத்தியானம் பாத்திரம் கழுவியவள்.

திட்டு, கத்து, 'நீ பெரிய டாக்டரா' என்று கேள். எழுதாமல் மட்டும் இருக்காதே. இங்கே ஒரு கதவு இருக்கிறது, உள்ளே மாட்டிக்கொண்டால் திறக்க வெளியே ஆள் வேண்டும். இப்போது அந்த மாதிரி இருக்கிறது எனக்கு.

தம்பி

மே 21

தம்பி,

அம்மா சொன்னதுதான் சரி. ரத்தம்தான் வந்தது.

இதை எழுதுவதற்கு முன்னால் ஐந்து கடிதம் எழுதிக் கிழித்தேன். சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். அன்றைக்கு அம்மாவின் இரண்டு தகடுகளையும் பதினேழாம் எண் ஜாடியில்தான் வைத்தேன், அந்தத் துணி தேய்க்கிற பெண்ணின் இரண்டு தகடுகளோடு. இடது பக்கம் அம்மா, வலது பக்கம் அவள். அம்மாவை வெளியே விட்டுத் திரும்புவதற்குள் துடைக்கிற அம்மாள் மேஜையைச் சுத்தம் செய்து ஜாடிகளை நகர்த்தியிருந்தாள். ஜாடி வட்டம். எது இடது, எது வலது?

சாயம் போட எடுத்தபோது நான்கு தகடுகள். இரண்டில் வெள்ளைப் பூச்சு, இரண்டில் ரத்தக் கறை. நான் நின்றேன், தம்பி. நின்று யோசித்தேன். வெள்ளை வந்தால் அநேகமாக டிபி, பிழைத்துக்கொள்ளலாம் என்று பன்னிரண்டு வருஷமாக என் கைக்குத் தெரியும். அம்மாவுக்கு வெள்ளைதான் வந்தது என்று எனக்கு நினைவு வந்தது. அது நினைவா, ஆசையா என்று அப்போது என்னை நானே கேட்கவில்லை. வெள்ளையை அம்மாவின் பெயருக்கு வைத்தேன். கறையைப் பதினேழுக்கு வைத்தேன்.

இரண்டு பேரையும் மறுபடி கூப்பிட்டு ஊசி போட்டிருக்கலாம். மறுநாள் பெரிய டாக்டர் மைக்ராஸ்கோப்பில் பார்த்து அம்மாவுக்கு டிபி என்று எழுதினார். நல்ல சேதி வந்ததும் என் சந்தேகம் வாயை மூடிக்கொண்டது. பதினேழுக்குப் புற்றுநோய், வேறெங்கோ இருந்து நெறிக்கு வந்தது என்று எழுதினார். அந்தத் தாளை அவளிடம் நான்தான் கொடுத்தேன். "எனக்குப் படிக்கத் தெரியாது, என்ன போட்டிருக்கு?" என்றாள். "தலைநகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகணும்" என்றேன். வாலு என் மேஜை மணியை அடித்துக்கொண்டிருந்தது.

போன வாரம் அம்மாவுக்கு மறுபடி ஊசி போட்டோம். ஸ்கேன் படமும் எடுத்தோம். வயிற்றில் ஆரம்பித்திருக்கிறது. நாலு வாய்க்கு வயிறு நிரம்பியது மாத்திரையின் சூட்டால் இல்லை. "பிப்ரவரியிலயே தெரிஞ்சிருந்தாலும் பெருசா ஒண்ணும் மாறியிருக்காது" என்றார் பெரிய டாக்டர். முதல் தாள் எப்படித் தப்பாயிற்று என்று அவர் கேட்கவில்லை. அவருக்கு ஒரு நாளைக்கு நாற்பது, எது எவருடையது என்று அவருக்கு நினைவிருக்காது. நானும் சொல்லவில்லை.

அம்மாவை ஊழியர் குடும்ப வார்டில் சேர்த்திருக்கிறேன். தனிக் கட்டில், ஜன்னல் உண்டு. பொது வார்டில் கட்டிலுக்கு இரண்டு பேர். நான் வேலையில் இருக்கிற வரைக்கும்தான் இந்தக் கட்டில்.

உடம்பைப் பார்த்துக்கொள். எனக்குக் கேட்க வேறு எதுவும் இல்லை.

அக்கா

ஜூன் 1

அக்கா,

உன் கடிதத்தைக் குளிர் அறைக்குள் எடுத்துக்கொண்டு போய்ப் படித்தேன். அங்கேதான் யாரும் முகத்தைப் பார்க்க மாட்டார்கள்.

முதலில் உன்னைத் திட்டினேன். பெட்டி அடுக்கிக்கொண்டே சத்தமாகத் திட்டினேன். பிறகு என் பிப்ரவரிக் கடிதம் ஞாபகம் வந்தது. நேராக உள்ளே கூட்டிக்கொண்டு போ என்று எழுதியவன் நான். அவளும் துணி தேய்த்துப் பிழைக்கிறவள். மச்சானையும் பெரிய மனிதனையும் தாண்டிப் போகிறோம் என்று நினைத்துக்கொண்டு, அவள் ஜாடிக்குள் போய் விழுந்திருக்கிறோம்.

லீவு கேட்டேன். ஒப்பந்தம் முடியப் பதினான்கு மாதம் இருக்கிறது, என் பாஸ்போர்ட் அவர்கள் பெட்டியில் இருக்கிறது. "தாயா? எல்லாரும் தாயத்தான் சொல்றீங்க" என்றான் கடிகாரம்.

அந்தப் பெண்ணைக் கண்டுபிடி. சத்தமில்லாமல் கண்டுபிடி. சந்தேகத்துக்கு இன்னொரு தடவை பார்க்கிறோம் என்று சொல்லி ஊசி போடு, மாத்திரையை ஆரம்பி. யாருக்கும் எதுவும் தெரிய வேண்டாம். அம்மாவின் கட்டில் போகக் கூடாது.

அம்மாவின் கையைப் பிடித்துக்கொள். என் கை என்று சொல்.

தம்பி

ஜூன் 18

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா இருக்கிறாள். வலிக்கு மருந்து ஏறுகிறது. தொப்பியைக் கழற்ற மறுக்கிறாள். உன் கை என்று சொன்னேன், "பொய், அவன் கை இவ்வளவு சூடா இருக்காது" என்றாள்.

அந்தப் பெண்ணைக் கண்டுபிடித்துவிட்டேன். சலவைக் கூடத்தில் விசாரித்தேன். ஆவி பறக்கிற அறை, வரிசையாகப் பெண்கள் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். புற்றுநோய் என்று தெரிந்ததும் மேலாளர் நிறுத்திவிட்டாராம். "தொத்திக்கும்னு பயந்தாரு, முட்டாப்பய" என்றாள் ஒருத்தி, தலையை நிமிர்த்தாமல். விலாசம் அவள்தான் சொன்னாள்.

மாடிப்படிக்குக் கீழே ஒற்றை அறை. துடைத்து வைத்தது போல் சுத்தம். பிள்ளை இருக்கிற வீடு அப்படி இருக்காது என்று உள்ளே நுழைந்ததும் உறைத்தது. அவளுக்குக் கட்டி உடைந்து சீழ் வடிகிறது. துணியைப் பிடித்துக்கொண்டே பேசினாள். தலைநகரத்துக்கு ஒரு தடவை போயிருக்கிறாள். அந்தப் படம், இந்தப் படம் எடுத்துக்கொண்டு வா என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அதற்குப் பிறகு போகவில்லை. "இன்னொரு தடவை ஊசி போட்டுப் பாக்கலாம்" என்றேன். "எத்தனை தடவ சாவுன்னு சொல்லுவீங்க? ஒரு தடவ போதும், நான் தயாராயிட்டேன்" என்றாள். இரண்டு நாள் நடந்து கெஞ்சித்தான் கூட்டி வந்தேன்.

டிபி. பச்சையாகத் தெரிகிற டிபி. மாத்திரை தொடங்கிவிட்டோம், பிழைத்துவிடுவாள்.

அதைச் சொன்னபோது அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன். என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "அப்ப என் புள்ள?" என்றாள்.

வாலுவைக் கொடுத்துவிட்டாள், தம்பி. புருஷன் விட்டுப்போன பிறகு அவளுக்கு யாரும் இல்லை. சாகப்போகிறவள் கையில் பிள்ளை எதற்கு என்று, குழந்தை இல்லாத நாத்தனாருக்குத் தத்தாக எழுதிக் கொடுத்திருக்கிறாள், குழந்தைகள் நல அலுவலகத்தில், ஏப்ரல் பதினொன்றாம் தேதி. தொண்ணூறு நாளுக்குள் தக்க ஆதாரத்தோடு மறுப்புச் சொன்னால் ரத்து செய்யலாம். ஜூலை பத்தாம் தேதி கடைசி. நாத்தனார் குடும்பம் அதற்குப் பிறகு வெளிநாடு போகிறதாம்.

அவளோடு அந்த அலுவலகத்துக்குப் போனேன். அதிகாரி கெட்டவர் இல்லை. புதுத் தாளையும் பழைய தாளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "ஒண்ணு புற்றுநோய்ங்குது, ஒண்ணு டிபிங்குது. ரெண்டும் சேந்தே இருக்கலாமே? முதல் தாள் தப்புன்னு ஆஸ்பத்திரி எழுதி, முத்திரை போட்டுக் குடுக்கட்டும். அன்னைக்கே ரத்து பண்றேன்" என்றார்.

முதல் தாள் தப்பு என்பதை அறிந்தவள் நான் ஒருத்திதான். நான் என்ன செய்தேன் என்று எழுதிக் கொடுத்தால்தான் பெரிய டாக்டர் முத்திரை போட முடியும். எழுதிக் கொடுத்தால் வேலை போகும். வேலை போனால் அம்மா அன்றைக்கே பொது வார்டுக்கு. வலி மருந்தும் அங்கே வரிசையில்தான். வெளியே வந்ததும், "அப்ப முதல்ல சொன்ன வியாதி யாரோடது?" என்று கேட்டாள். "தெரியல" என்று சொல்லிவிட்டேன்.

உடனே எழுது. நாள் எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

அக்கா

ஜூன் 28

அக்கா,

கடிதம் இன்றைக்குத்தான் கிடைத்தது, இன்றைக்கே எழுதுகிறேன்.

காத்திரு. எனக்குத் தெரியும் நான் என்ன சொல்கிறேன் என்று. அம்மா இன்னும் எத்தனை நாள் என்று கடைக்காரனிடம் கேட்டேன், ஊரே பேசிக்கொள்கிறது, இரண்டு வாரம் என்றான். இரண்டு வாரம் அந்த ஜன்னலும் அந்தக் கட்டிலும் அவளுக்கு இருக்கட்டும். அறுபத்து மூன்று வருஷத்தில் அவளுக்குக் கிடைத்த முதல் தனிக் கட்டில் அது. அவளைப் பொது வார்டில் இன்னொருத்தியின் காலடியில் போட்டுவிட்டு நீ நல்லவளாக வேண்டாம்.

அந்தப் பிள்ளை எங்கே போய்விடப் போகிறது? வசதியான வீடு, சாப்பாடு இருக்கும். தாமதமானால் மேல்முறையீடு என்று ஒன்று இருக்கும், நான் பணம் அனுப்புகிறேன். அம்மாவுக்கு மேல்முறையீடு இல்லை.

உனக்குக் கஷ்டமாக இருந்தால், தம்பி சொன்னான் என்று வைத்துக்கொள்.

அம்மாவிடம் நான் வந்துகொண்டிருக்கிறேன் என்று சொல். எந்த ஊர்வரைக்கும் வந்துவிட்டான் என்று தினமும் ஒரு ஊர் சொல்.

தம்பி

ஜூலை 24

தம்பி,

நீ சாப்பிடுகிறாயா? மேனேஜர் அறைப் போனில் மூன்று நிமிஷமும் நீ அழுததைத் தவிர எனக்கு எதுவும் கேட்கவில்லை. அதனால் எல்லாவற்றையும் எழுதுகிறேன்.

உன் கடிதம் ஜூலை ஆறாம் தேதி வந்தது. ஏழு, எட்டு, ஒன்பது, பத்து. நான்கு நாளும் வேலைக்குப் போனேன், நாற்பது நாற்பதாகத் தகடு தேய்த்தேன், மத்தியானம் அம்மாவின் கட்டிலில் உட்கார்ந்து நீ எந்த ஊர் தாண்டிவிட்டாய் என்று சொன்னேன். பத்தாம் தேதி காலையில் வாலுவின் அம்மா லேபுக்கு வந்தாள். கழுத்தில் புண் காய்ந்திருந்தது, கன்னத்தில் சதை வைத்திருந்தது. "தாள் வந்துச்சாம்மா?" என்றாள். "பெரிய டாக்டர் லீவு" என்றேன். பெரிய டாக்டர் கதவுக்குப் பின்னால் இருமிக்கொண்டிருந்தார். அவளுக்கும் அது கேட்டது. சாயங்காலம்வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனாள்.

அம்மா பதின்மூன்றாம் தேதி மத்தியானம் போனாள். ஜன்னல் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். வலி இல்லை. நீ விரும்பியது நடந்தது. அதைக் குத்திக் காட்டுவதற்காகச் சொல்லவில்லை. நான் விரும்பியதும் அதுதான்.

பதினாறாம் தேதி எல்லாவற்றையும் ஒன்றரைப் பக்கத்துக்கு எழுதிக்கொண்டு பெரிய டாக்டரிடம் போனேன். பையில் வேலை அட்டையையும் வைத்திருந்தேன், கேட்டால் கொடுத்துவிடலாம் என்று. நின்றுகொண்டே படித்தார். "ரெண்டு பேர் ஸ்லைடு ஒரு ஜாடியிலயா? படிச்சவதானே நீ?" என்றார். அப்புறம் மேஜை இழுப்பறையைத் திறந்து முத்திரையை எடுத்தார். "வருஷத்துக்கு இந்த மாதிரி நாலு வருது. இதுக்குப் போய் வேலைய விட்டுத் தூக்குனா நாற்பது ஸ்லைட யாரு தேய்ப்பா, உங்க அப்பனா? ஒரு மெமோ வரும், வாங்கி வச்சுக்க. போ, வெளிய ஆள் நிக்குது" என்றார். கையெழுத்துப் போட்டார், குத்தினார், நீட்டினார்.

நான் பயந்தது எதுவும் நடக்கவில்லை, தம்பி. வேலை போகவில்லை. கட்டிலும் போயிருக்காது. ஜூன் பதினெட்டாம் தேதி கேட்டிருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பார். என் மேல் இரக்கத்தால் இல்லை. நம்மைப் போன்ற கை அவர்களுக்கு மலிவு, மலிவான கையை யாரும் தூக்கி எறிவதில்லை. பன்னிரண்டு வருஷம் உள்ளே இருந்த எனக்கு இது தெரியவில்லை. தெரிந்துகொள்ளப் போய்க் கேட்கவும் இல்லை.

குழந்தைகள் நல அலுவலக அதிகாரி தாளை வாங்கித் தேதியைப் பார்த்தார். "ஆறு நாள் முன்னாடி வந்திருக்கக் கூடாதா?" என்றார். தத்து உத்தரவு பதினொன்றாம் தேதி உறுதியாகிவிட்டது. பன்னிரண்டாம் தேதி நாத்தனார் குடும்பம் விமானம் ஏறிவிட்டது. மேல்முறையீடு இங்கே செய்ய முடியாது, பிள்ளை இருக்கிற நாட்டில்தான் செய்ய வேண்டுமாம். எந்த ஊர் என்று யாருக்கும் தெரியவில்லை.

அன்றைக்கே அந்தப் பெண்ணின் அறைக்குப் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். அன்றைக்கு அவள் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தது என் அம்மா என்பது, ஒரே ஜாடி, வெள்ளை, ரத்தம், எல்லாம். உன் கடிதம் என் பையில் இருந்தது, எடுத்துக் காட்ட நினைத்தேன். எடுக்கவில்லை. நீ சொல்லாவிட்டாலும் நான் காத்துத்தான் இருந்திருப்பேன்.

அவள் கத்துவாள், அடிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். சுவரில் சாய்ந்து உட்கார்ந்து தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். படிக்கத் தெரியாதவள், முத்திரையை மட்டும் கட்டைவிரலால் தடவினாள்.

"இத வாங்கத்தான் இத்தனை நாள் அலைஞ்சீங்களா?" என்றாள்.

தாளை என் பக்கம் திருப்பிப் பிடித்தாள்.

"குத்துறதுக்கு எவ்வளவு நேரம் ஆச்சு?"

"ரெண்டு நிமிஷம்" என்றேன்.

அக்கா